எண்ணெய் எடுத்த பாறைக்குள் கரியமில வாயு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எண்ணெய் எடுத்து முடித்த நிலத்தடிப் பாறைகளுக்குள் கரியமில வாயுவைச் செலுத்திச் சேமிக்கலாம் என்று படித்தேன். சோடா பாட்டிலின் மூடியைத் திறந்தாலே வாயு பொங்கி வெளியேறுகிறதே, பூமிக்குள் அடைத்தது மட்டும் எப்படி அங்கேயே நிற்கும்? எங்கள் ஊர்ப்பக்கமும் எண்ணெய்க் கிணறுகள் இருப்பதால் கேட்கிறேன்.
– ஒரு வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: எண்ணெய் நிலத்தடியில் ஏரி போலத் தேங்கி நிற்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது, நனைந்த செங்கல்லில் நீர் ஊறியிருப்பதுபோல, பாறையின் நுண்துளைகளில் ஊறியிருக்கிறது. அந்தப் பாறைக்கு மேலே, எண்ணெயோ வாயுவோ எளிதில் ஊடுருவ முடியாத, அடர்ந்த மூடுபாறை ஒன்று படிந்திருப்பதால்தான் எண்ணெய் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மேலே வராமல் நின்றது. அந்த மூடியையும் அதே துளைகளையும்தான் கரியமில வாயுவுக்கும் பயன்படுத்துகிறார்கள்.

நீங்கள் சொன்ன சோடா பொங்குவதற்குக் காரணம், மூடி திறந்ததும் அழுத்தம் விழுந்துவிடுவதுதான். ஏறத்தாழ 800 மீட்டர் ஆழத்துக்குக் கீழே நிலத்தின் அழுத்தம் ஒருபோதும் அப்படி விழுவதில்லை. 31 டிகிரி வெப்பத்தையும் வளிமண்டலத்தைப்போல் 73 மடங்கு அழுத்தத்தையும் தாண்டியபின் கரியமில வாயு முழுக்க வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் அடர்த்தியான ஒரு நிலையை அடைகிறது. தரைமட்டத்தில் 500 கன மீட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும் ஒரு டன் வாயு, அங்கே இரண்டு மூன்று கன மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. காலப்போக்கில் அதில் ஒரு பகுதி நிலத்தடி உப்புநீரில் கரைகிறது. கரைந்த நீர் கனத்துக் கீழே இறங்குவதால், மேலெழ முயலும் வாயுவின் அளவும் குறைந்துகொண்டே போகிறது.

ஆகவே பாறையைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அந்தப் பாறையில் நாம் போட்ட துளைகளைப் பற்றித்தான் கவலை. எண்ணெய் எடுப்பதற்காகத் தோண்டிய ஒவ்வொரு கிணறும் மூடுபாறையைத் துளைத்துக்கொண்டே இறங்கியிருக்கிறது. நீரில் கரைந்த கரியமில வாயு அமிலமாகி, இரும்புக் குழாயையும் அதைச் சுற்றிய சிமென்ட்டையும் அரிக்கக்கூடியது. பல பத்தாண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட கிணறுகள் எங்கே இருக்கின்றன, எப்படி அடைக்கப்பட்டன என்ற பதிவேடு இல்லாத இடத்தில் வாயுவைச் செலுத்தக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. உங்கள் பகுதியில் எப்போதாவது இத்தகைய திட்டம் வந்தால் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பதிவேட்டைத்தான்.

கேள்வி: கனடாவில் ஒரு பண்ணையில் இந்த வாயு கசிந்ததாகச் செய்தி வந்ததே, அது உண்மையா?
– ஒரு கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: சஸ்காச்சுவான் மாகாணத்தில் உள்ள வேபர்ன் எண்ணெய் வயலைப் பற்றிக் கேட்கிறீர்கள். 1954இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த வயலில், ஏறத்தாழ 1,400 மீட்டர் ஆழத்தில், 2000ஆம் ஆண்டிலிருந்து கரியமில வாயு செலுத்தப்படுகிறது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் பழுப்பு நிலக்கரியிலிருந்து எரிவாயு தயாரிக்கும் ஆலையில் மிஞ்சும் வாயுவே 300 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள குழாயில் எல்லை கடந்து அங்கு வருகிறது.

2011 ஜனவரியில், அந்த வயலின் மேலே நிலம் வைத்திருந்த ஒரு குடும்பத்தார் தங்கள் குட்டைகளில் குமிழிகள் எழுவதாகவும் விலங்குகள் இறந்து கிடப்பதாகவும் புகார் கூறினர். அவர்களுக்காக மண்ணை ஆராய்ந்தவர்கள், அங்கிருந்த வாயுவின் கார்பன் ஐசோடோப்பு விகிதம் (எடையில் சற்றே வேறுபடும் கார்பன் அணுக்கள் கலந்திருக்கும் விகிதம்) செலுத்தப்பட்ட வாயுவோடு ஒத்துப்போவதாகக் கூறினர். கேட்பதற்கு வலுவான சான்றுதான். ஆனால் நிலக்கரியும் ஒரு காலத்தில் செடிகொடிதான் என்பதால், இன்றைய மண்ணில் வேர்கள் மூச்சுவிட்டும் இலைகள் மக்கியும் எழும் வாயுவிலும் ஏறக்குறைய அதே விகிதமே இருக்கும்.

பின்னர் நடந்த சுயேச்சையான ஆய்வுகள் வேறு அடையாளங்களைத் தேடின. மண்ணில் உயிரினங்கள் கரியமில வாயுவை வெளியிட்டால் அதே அளவில் ஆக்சிஜன் குறைய வேண்டும். ஆழத்திலிருந்து வந்த வாயுவானால் அந்தப் பொருத்தம் இராது. பண்ணை மண்ணில் அந்தப் பொருத்தம் இருந்தது. ஆழ்நிலப் பாறைகளில் ஹீலியம் மிகுந்திருக்கும், ஆனால் பண்ணையின் கிணற்று நீரில் அப்படி இல்லை. ஆகவே கீழிருந்து கசிவு ஏதும் இல்லை என்று முடிவாயிற்று. ஆனாலும் அந்தக் குடும்பத்தார் கேட்டதில் தவறே இல்லை. வாயுவைச் செலுத்தத் தொடங்குவதற்கு முன்பே அவரவர் நிலத்தின் மண்ணையும் நீரையும் அளந்து, முடிவை அவர்கள் கையிலேயே கொடுத்திருந்தால் அந்த அச்சம் அவ்வளவு தூரம் வளர்ந்திருக்காது.

கேள்வி: இது சூழலுக்காகவா, இன்னும் எண்ணெய் எடுப்பதற்காகவா?
– ஓர் ஆசிரியை, ஈரோடு

பதில்: வேபர்னில் இரண்டுக்கும்தான். கரியமில வாயு எண்ணெயில் கலந்து அதை இளக்குவதால், பாறையில் ஒட்டிக்கிடந்த எண்ணெயும் நகர்ந்து வெளியே வருகிறது. அதோடு மேலே வரும் வாயுவைப் பிரித்து மீண்டும் உள்ளே செலுத்துகிறார்கள். 2012க்குள் அங்கே 2 கோடி டன்னுக்கும் மேல் சேமிக்கப்பட்டது என்பது மெய். அப்படி எடுத்த எண்ணெய் எரியும்போது வெளியாகும் வாயுவைக் கழித்துக்கொண்டுதான் அந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் 1996 முதல், இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்த கரியமில வாயுவைக் கடலடியில் உள்ள உப்புநீர்ப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். அங்கே அதனால் கூடுதலாக ஒரு துளி எண்ணெயும் கிடைப்பதில்லை. வெளியே விட்டால் 1991இல் வந்த கார்பன் வரியைக் கட்ட வேண்டும் என்பதே அவர்களை அதற்குத் தூண்டியது.