சூரியன் பிறந்த பாறை

கேள்வி: சூரியன் பிறந்த இடம் என்று, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் பேரரசு நடத்திய இன்காக்கள் வணங்கிய தீவு எது? அங்கே ஆய்வாளர்களுக்குக் கிடைத்தவை என்ன?

பதில்: பொலிவியா, பெரு நாடுகளின் எல்லையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் விரிந்திருக்கும் டிட்டிகாக்கா ஏரியின் பொலிவியப் பகுதியிலுள்ள சூரியத் தீவே அது. உலகம் இருண்டு கிடந்தபோது இத்தீவின் வடபகுதிப் பாறையிலிருந்தே சூரியன் எழுந்தான் என்றும், முதல் இன்கா அரசனான மாங்கோ காபாக்கும் அவன் துணைவி மாமா ஒக்லோவும் இங்கிருந்து புறப்பட்டே இன்காத் தலைநகரான குஸ்கோவை நிறுவினர் என்றும் புராணம் கூறுகிறது. இன்று பார்ப்பவருக்கு அது வெறும் மணற்பாறைதான். ஆனால் அதன் ஒரு புறத்தை உயர்ரக நெசவுத் துணியும் மறுபுறத்தைப் பொன் தகடுகளும் மூடியிருந்தன என்று 17ஆம் நூற்றாண்டில் ஸ்பானியப் பாதிரியார் பெர்னாபே கோபோ எழுதியிருக்கிறார்.

எனினும், தீவின் புனிதத்தை இன்காக்களின் படைப்பாகக் கருதுவது பிழை. அருகிலுள்ள கோவா என்னும் நீருக்கடிப் பாறைத்திட்டில் 2013ஆம் ஆண்டு மூழ்கி ஆராய்ந்தவர்கள், பூமா வடிவச் சாம்பிராணிக் கலங்கள், பொன் அணிகள், தொலைதூர பசிபிக் கடலின் வெதுவெதுப்பான நீரில் மட்டுமே வாழும் முள்சிப்பியின் ஓடுகள் ஆகியவற்றை மீட்டனர். இன்காக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய திவானாக்கு மக்கள் ஏரிக்குப் படைத்த காணிக்கைகள் இவை. பழைய வழிபாட்டுத் தலத்தைத் தம் குலக்கதையோடு இணைத்துக்கொண்டது இன்கா அரசின் சாமர்த்தியம் என்றே சொல்ல வேண்டும்.