தோட்டத்துக் கேள்விகள்: கோழி எருவும் அரசாணிக் கொடியும்

கேள்வி: அக்கா, வீட்டுக்குப் பின்னால் 20 சென்ட்டில் அரசாணி (பரங்கி) போட்டிருக்கிறேன். பக்கத்துக் கோழிப்பண்ணையில் ஷெட்டைக் காலி செய்தபோது எருவைச் சும்மா கொடுத்தார்கள். குழிக்கு 2 கூடை கொட்டி, அந்த வாரமே விதை ஊன்றினேன். பாதிக் குழிகளில் முளைத்தது இலை ஓரம் கருகிச் செத்துவிட்டது. மீதிக் கொடி வேலி தாண்டி ஓடுகிறது. பூவெல்லாம் உதிர்கிறது, ஒரு பிஞ்சு இல்லை. பட்டியில் இருக்கும் ஆட்டெருவைப் போட்டால் காய்க்குமா?
- வாசகி, காங்கேயம்

பதில்: அம்மிணி, ஆட்டெருவில் கை வைக்காதே. உன் கொடிக்குப் பசி இல்லை, தின்றது செரிக்கவில்லை.

மக்கின மாட்டெருவில் தழைச்சத்து அரை சதவீதம்தான். கோழி எருவில் 3 சதவீதம் வரை வரும். அரசாணிக்குக் குழிக்கு 10 கிலோ தொழுவுரம் என்பது கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக் கணக்கு. நீ கொட்டின 2 கூடை, மாட்டெருக் கணக்கில் 12 கூடை. அதுவும் மக்காத எரு. ஈரம் பட்டதும் அமோனியா கிளம்பி முளையின் வேரைக் கருக்கிவிட்டது. தப்பின கொடி, இருக்கிற தழைச்சத்தை எல்லாம் இலையாக்கி ஓடுகிறது.

கல்யாணமாகி வந்த புதிதில் நானும் இப்படித்தான் கட்டுத்தரைக் குப்பையை அன்றன்றைக்கே அள்ளிக் குழிக்குப் போடப் போனேன். மாமியார் கூடையை இறக்கச் சொல்லி, கடப்பாரையைக் குப்பைமேட்டில் ஆழமாகக் குத்தி நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து உருவி, நுனியைப் பிடிக்கச் சொன்னார். தொட்ட கையை வெடுக்கென்று எடுத்துவிட்டேன். "உங்கையே தாங்கலையே கண்ணு, வேரு எப்படித் தாங்கும்?" என்றார். இன்றைக்கும் கடப்பாரை குளுகுளுவென்று வந்தால்தான் எருவை வயலுக்கு எடுக்கிறேன். மூக்கிலும் தெரியும்: மக்கினதில் நாற்றம் இருக்காது, மழை பெய்த மண் வாசம் வரும்.

இப்போது செய்ய வேண்டியது: குழியில் மேலாக இருக்கும் எருவை வழித்து எடுத்து ஒதுக்குப்புறம் குவித்து வை. ஒருதரம் நன்றாகத் தண்ணீர் கட்டு, உப்பு கீழே இறங்கட்டும். யூரியா பக்கமே போகாதே. குழிக்கு 2 செடி போதும்; ஓடுகிற கொடியின் நுனியைக் கிள்ளிவிடு, பக்கக் கிளை வரும்.

பூ உதிர்கிறதே என்று கலங்காதே. முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, உதிரத்தான் செய்யும். பூவுக்கு அடியில் சின்ன உருண்டை தெரிந்தால் அது பெண் பூ. காலை 9 மணிக்குள் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவு. தேனீ குறைந்த தோட்டத்தில் இதை நான் விடாமல் செய்கிறேன்.

செத்த குழிகளைக் கொத்திக் கிளறி, ஈரம் காயாமல் ஒரு மாதம் ஆறப்போட்டு மறுபடி ஊன்று.

உன் பட்டி எரு தங்கம், வீணாக்காதே. ஆனால் வெள்வேலாங்காய் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை சாகாமல் வரும். அப்படியே போட்டால் அரசாணிக்கு நடுவே முள் முளைக்கும். ஈரமாகக் குவித்து, மாதம் ஒருமுறை புரட்டிவிடு. அடுத்த பட்டத்துக்கு ஆகும். குழிக்கு 3 கிலோவுக்கு மேல் நான் போடுவதில்லை.

கேள்வி: எருக்குழியில் விரல் தடிமனுக்கு வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடக்கின்றன. எருவைப் போடலாமா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: விரல் தடிமன் என்றால் காண்டாமிருக வண்டின் புழுவாகத்தான் இருக்கும். உங்கள் ஊரில் தென்னைதான் அதற்கு இரை. விட்டுவைத்தால் வண்டாகிக் குருத்தைக் குடையும். எருவைப் புரட்டும்போது கோழிகளை அவிழ்த்துவிடுங்கள், பொறுக்கித் தின்றுவிடும். மிஞ்சினதற்கு மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைத் தண்ணீரில் கலந்து குழியில் ஊற்றுங்கள். புழு ஒழிந்த பிறகு எருவை எடுங்கள்.