ரத்தப் பரிசோதனை ஜாதகம் சொல்லுமா?

கேள்வி: டாக்டர் அய்யா, எங்களுக்குச் சோழவந்தான் பக்கம். ஐப்பசியில் என் 9 வயது மகனுக்குக் காய்ச்சல் வந்து, மறுநாளே வலிப்பும் வந்து நினைவு தப்பிவிட்டது. முதுகில் நீர் எடுத்துப் பார்த்துவிட்டு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஐ.சி.யூ.வில் கிடந்து பிழைத்து வந்தான். இரண்டு மாதம் ஆகிறது. நடக்கிறான். ஆனால் இடது கை நடுங்குகிறது, பேச்சு திக்குகிறது, சட்டென்று கோபப்படுகிறான். முதுகு நீர் ரிப்போர்ட்டில் 'புரோட்டீன் 84' என்று இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் என் கொழுந்தனார், ரத்தத்தில் ஒரு புரோட்டீனைப் பார்த்தாலே பிள்ளை முழுசாகத் தேறுவானா என்று தெரிந்துவிடும், பணம் அனுப்புகிறேன் என்கிறார். எடுக்கலாமா? ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறாள். அவளுக்கு ஒட்டுமா?

பதில்: எடுக்க வேண்டாம் அம்மா. உங்கள் கொழுந்தனார் சொல்வது கட்டுக்கதை இல்லை, அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த 84. அது முதுகு நீரில் உள்ள மொத்தப் புரதத்தின் அளவு. டெசிலிட்டருக்கு 15 முதல் 45 மில்லிகிராம் வரை இருந்தால் இயல்பு. மூளையில் அழற்சி வரும்போது ரத்தக் குழாய்களின் சுவர் கசிந்து, ரத்தத்தில் இருக்கும் புரதம் அந்த நீருக்குள் இறங்கிவிடும். அன்றைக்கு அழற்சி இருந்தது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கொழுந்தனார் சொல்வது வேறு வகை. நரம்பிழைகளுக்குள் நியூரோஃபிலமென்ட் லைட் என்று ஒரு புரதம் உண்டு. இழை சிதைந்தால் அது முதுகு நீருக்கு வரும், அங்கிருந்து துளியளவு ரத்தத்துக்கும் வரும். அதை பிகோகிராமில் அளக்கிறார்கள். ஒரு மில்லிகிராமில் 100 கோடி பிகோகிராம். இதுபோலவே நரம்பணுவில் இருந்து என்.எஸ்.இ., அதைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களில் இருந்து ஜி.எஃப்.ஏ.பி., எஸ்100பி என்று சில புரதங்கள் வெளியேறுகின்றன. வைரஸ் மூளைக்காய்ச்சல் கடுமையாகத் தாக்கியவர்களிடம் இவற்றின் அளவு கூடியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். பலரைச் சேர்த்துப் பார்க்கும்போது அது உபயோகமான தகவல். ஒரு பிள்ளையைத் தனியாக நிறுத்தி 'இவன் எப்படி இருப்பான்' என்று கேட்டால் அந்த எண்ணிடம் பதில் கிடையாது.

நியூரோஃபிலமென்ட் ஒரே நாளில் ஏறி இறங்குவதில்லை. மெல்ல ஏறி, மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். இரண்டு மாதம் கழித்து எடுத்தால், அதில் பழைய சேதத்தின் மிச்சம் எவ்வளவு, இன்னும் நடக்கும் சேதம் எவ்வளவு என்றே பிரிக்க முடியாது. என்.எஸ்.இ. ரத்தச் சிவப்பணுவிலும் இருக்கிறது. சோழவந்தானில் எடுத்த ரத்தம் வண்டியில் குலுங்கிப் பெங்களூர் போய்ச் சேருவதற்குள் அணுக்கள் உடைந்தால், மூளைக்கு ஒன்றும் ஆகாமலே எண் எகிறும். எஸ்100பி கொழுப்பணுவிலிருந்தும் வரும்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது, சேதம் எந்த இடத்தில் என்று இந்தப் புரதம் சொல்லாது என்பதுதான். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் மூளையின் நடுவே இருக்கும் தாலமஸையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும் தாக்கும். கை நடுக்கமும் திக்கலும் அங்கிருந்துதான் வருகின்றன. அங்கே சின்னக் காயம் பட்டாலும் பெரிய தொந்தரவு வரும். வேறொரு இடத்தில் அதே காயம் வெளியே தெரியாமலே போகும்.

இதயம் நின்று மீண்டவர்களுக்கு என்.எஸ்.இ. பார்ப்பது வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. 48 அல்லது 72 மணி நேரத்தில் லிட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் நல்லதல்ல. அங்கேயும் மற்ற அறிகுறிகளோடு சேர்த்துத்தான் முடிவு சொல்வார்கள். மூளைக்காய்ச்சலுக்கு அப்படி ஒரு எல்லைக்கோடே இன்னும் போடப்படவில்லை. எண் எப்படி வந்தாலும் மகனுக்குக் கொடுக்கும் சிகிச்சை மாறப்போவதும் இல்லை.

எவ்வளவு ஆழமாக நினைவு தப்பியது, வலிப்பு எத்தனை முறை, எவ்வளவு நேரம் வந்தது, மூச்சுக்கு இயந்திரம் தேவைப்பட்டதா, எம்.ஆர்.ஐ.யில் என்ன தெரிந்தது என்பவை இன்றைக்கும் இந்தப் புரத எண்களைவிடக் கூடுதலாகச் சொல்கின்றன. இந்த நோயில் தப்பிய குழந்தைகளைப் பின்தொடரவென்றே லிவர்பூல் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ரத்தம் தேவையில்லை. தானே சாப்பிடுகிறானா, உடுத்துகிறானா, பேச்சு முன்போல் இருக்கிறதா, பள்ளியில் எப்படி என்று வீட்டாரிடம் கேட்பார்கள். நடக்கச் சொல்லி, கையைத் தலைக்குமேல் தூக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். எதில் மிகவும் பின்தங்கியிருக்கிறானோ அதுவே அவனுடைய மதிப்பெண். நீங்களும் ஒரு நோட்டில் மாதம் ஒருமுறை இதையெல்லாம் எழுதி வையுங்கள். நடுக்கமும் விறைப்பும் ஆறு மாதம், ஒரு வருடம் வரைகூடக் குறைந்துகொண்டே வரும் பிள்ளைகள் உண்டு. இரண்டே மாதத்தில் நடக்கிறான் என்பது எனக்கு நல்ல செய்தி.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். தேறிக்கொண்டே வந்தவன் திடீரென்று பின்னுக்குப் போனால், அதாவது தூக்கம் கெட்டு, பேச்சு நின்று, வாயும் கையும் தன்னால் அசைந்து, ஆளே மாறினால், மறுநாளுக்குத் தள்ளாமல் பெரியாஸ்பத்திரி நரம்பியல் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வைரஸ் போன பிறகு சிலருக்கு உடலின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும். நரம்பணுக்கள் செய்தி வாங்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிக்கு எதிரான எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று அப்போது முதுகு நீரிலும் ரத்தத்திலும் பார்ப்பார்கள். அதற்குச் செலவழிக்கலாம், ஏனென்றால் இருந்தால் மருந்து உண்டு.

இப்போதைக்குக் கொழுந்தனார் பணத்தைப் பிசியோதெரபிக்கும் ஸ்பீச் தெரபிக்கும் போக்குவரத்துச் செலவாக வைத்துக்கொள்ளுங்கள். வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். கோபத்துக்காக அடிக்கவும் வேண்டாம். அதுவும் நோயின் மிச்சம்தான்.

சின்னவளுக்கு அண்ணனிடமிருந்து ஒட்டாது. வயல் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, பன்றியிடமிருந்தும் கொக்கு, நாரை இனங்களிடமிருந்தும் இந்த வைரஸைக் கொண்டுவருகிறது. பாதிப்புள்ள மாவட்டங்களில் தடுப்பூசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. அவளுக்கு இரண்டாவது ஊசியின் வயது இது. அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்.