வீட்டு வடிவமைப்பு மென்பொருளில் கபோர்டு, சமையலறை எல்லாம் சரியாக வரைவது எப்படி? வரைந்ததை ஆசாரி அப்படியே செய்ய முடிய வேண்டும்.

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால்: தருமபுரியில் வீடு கட்டுகிறீர்கள், பூச்சு வேலை நடக்கிறது. ஸ்வீட் ஹோம் 3டி-யில் சமையலறையை வரைந்து ஆசாரியிடம் காட்டினீர்கள். அவர் பார்த்துவிட்டு, "படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. பலகை எத்தனை, எந்த அளவுல அறுக்கணும், அதைச் சொல்லு" என்று கேட்டுவிட்டார்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் ஆசாரிகளுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் இந்தப் படங்களை வரைந்து கொடுப்பதுதான் என் வேலை. அவர் கேட்டதில் எல்லாமே அடங்கியிருக்கிறது. திரையில் நீங்கள் வைக்கிற ஒவ்வொரு பலகையும் பட்டறையில் அறுக்கப்போகிற பலகையாக இருக்க வேண்டும். கலர், வெளிச்சம், பூந்தொட்டி எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் மென்பொருள். ஸ்வீட் ஹோம் 3டி இலவசம். சுவர் போட்டு, கதவு ஜன்னல் வைத்து, அடுப்பு எங்கே, தொட்டி எங்கே, ஃபிரிட்ஜ் எங்கே என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிக்க அது போதும், நன்றாகவும் இருக்கும். ஆனால் அதிலுள்ள ரெடிமேட் கபோர்டை அகலத்தில் இழுத்தால் உள்ளே இருக்கும் பலகை, கைப்பிடி எல்லாமே சேர்ந்து இழுபடும். அதனால் அந்தப் படத்திலிருந்து அறுப்புக் கணக்கு எடுக்க முடியாது. இடம் முடிவானதும் கபோர்டுகளை ஸ்கெட்ச்அப் என்ற 3டி வரைபட மென்பொருளில் பலகை பலகையாக வரையுங்கள். பிரவுசரில் ஓடும் இலவசப் பதிப்பே வரைவதற்குப் போதும்.

வரையத் தொடங்கும் முன் யூனிட்டை மில்லிமீட்டருக்கு மாற்றிவிடுங்கள், நீளம் தானாக முழு எண்ணில் ஒட்டிக்கொள்ளும் லெங்த் ஸ்னாப்பிங்கை அணைத்துவிடுங்கள். நம் ஆசாரிகள் அடி, இன்ச், நூலில் பேசுவார்கள். ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஷட்டர், அதாவது கபோர்டு கதவுகளின் இடைவெளியே 3 மில்லிமீட்டர்தான் என்பதால் அறுப்பு அளவை நூலில் கொடுத்தால் பிடிக்காது. மொத்த அளவை அடியில் எழுதுங்கள், பலகை அளவை மில்லிமீட்டரில் எழுதுங்கள். டேப்பில் இரண்டும் இருக்கிறது, அவர்களுக்குச் சிரமம் இல்லை.

அளவெடுப்பதைப் பூச்சு முடிந்து, டைல்ஸ் ஒட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பிளான் தாளில் உள்ள அளவு கொத்தனாருக்கானது. ஒவ்வொரு சுவரையும் தரை ஓரம், மேடை மட்டம், லாஃப்ட் மட்டம் என்று மூன்று உயரத்தில் அளந்து பாருங்கள். மூன்றும் ஒன்றாக வருவது அபூர்வம். மூலைக்கு மூலை குறுக்களவும் எடுங்கள். இரண்டு குறுக்களவும் வித்தியாசப்பட்டால் அறை சதுரமாக இல்லை என்று பொருள், திரையிலும் அந்தக் கோணலோடுதான் சுவரை வரைய வேண்டும். கபோர்டை எப்போதும் நேராக வரையுங்கள், சுவரில் உள்ள கோணலை ஓரத்தில் விடும் ஃபில்லர் பட்டை வாங்கிக்கொள்ளட்டும். சுவர் முட்டும் இடங்களில் 25 முதல் 50 மில்லிமீட்டர் வரை ஃபில்லர் விட்டால் ஆசாரி அதைச் சுவருக்கு ஏற்றபடி இழைத்துப் பொருத்திவிடுவார்.

இனி கபோர்டு. 600 அகலத்தில் ஒரே ஒரு பெட்டியை முழுசாக, ஒழுங்காக வரையுங்கள். இரண்டு பக்கப் பலகை, அடிப்பலகை, மேலே இரண்டு பட்டை, பின்பலகை, நடுத்தட்டு, ஷட்டர். ஒவ்வொன்றும் தனி காம்பொனென்ட், ஒவ்வொன்றுக்கும் பெயர். குரூப்பாக வைக்காதீர்கள். காம்பொனென்ட் என்றால் ஒன்றைத் திருத்தினால் அதன் நகல்கள் எல்லாம் திருந்தும், பின்னால் பலகைக் கணக்கும் எடுக்கலாம்.

அந்தப் பெட்டியிலிருந்து 450 அகலப் பெட்டி வேண்டுமென்றால் ஸ்கேல் கருவியைத் தொடவே தொடாதீர்கள். 600-ஐ 450 ஆக நசுக்கினால் 18 மில்லிமீட்டர் பக்கப் பலகையும் 13.5 ஆகிவிடும். பார்வைக்குத் தெரியாது, அறுப்புக் கணக்கு முழுக்கத் தப்பாகும். பெட்டியை நகலெடுத்து, உள்ளே உள்ள பலகைகளோடு சேர்த்து 'மேக் யுனிக்' கொடுத்து (அப்போதுதான் இந்த நகலைத் திருத்தினால் அசல் மாறாது), ஒரு பக்கப் பலகையை மட்டும் 150 நகர்த்தி, அடிப்பலகை, பட்டை, தட்டு, பின்பலகை, ஷட்டர் ஆகியவற்றைப் புஷ்-புல் கருவியால் அதே அளவு குறையுங்கள்.

பலகையின் கனம்தான் பலர் கோட்டைவிடும் இடம். பிளைவுட் 18 என்று எழுதியிருக்கும். அதன் உள்பக்கம் 0.8 லைனர் மைக்கா, வெளிப்பக்கம் 1 மில்லிமீட்டர் மைக்கா ஒட்டினால் பலகை ஏறக்குறைய 20 ஆகிவிடுகிறது. 600 பெட்டிக்குள் 564 இடம் என்று திரை சொல்லும். இரண்டு பக்கமும் லைனர் ஒட்டிய பிறகு உண்மையில் இருப்பது 562.4. ட்ராயர் ஓடும் சாதாரண டெலஸ்கோப்பிக் சானலுக்குப் பக்கத்துக்கு 13 என்று மொத்தம் 26 விட வேண்டும். திரையை நம்பி 538-க்கு ட்ராயர் அடித்தால் சானலுக்குப் போதாமல் ட்ராயர் பிடிக்கும், பிறகு அதைக் கழற்றிச் சீவ வேண்டும். பட்டறையில் மைக்கா ஒட்டப்போகிறார்களா, ஏற்கெனவே ஒட்டி வரும் ப்ரீலேமினேட் பலகையா என்று கேட்டுவிட்டு, ஒட்டிய பிறகு வரும் கனத்தை மாடலில் வையுங்கள்.

ஷட்டர் கணக்கு எளிது. 600 பெட்டிக்கு இரண்டு ஷட்டர் என்றால் ஓரங்களில் ஒன்றரை ஒன்றரை, நடுவில் 3. ஆக ஒவ்வொன்றும் 297. இது பெட்டியின் முகத்தை முழுக்க மூடும் ஷட்டருக்கு.

எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் மேடைக்கு அடியில் ஏற்கெனவே கடப்பா கல்லில் தட்டு கட்டியிருப்பார்கள், ஷட்டர் மட்டும் போட்டால் போதும் என்பார்கள். உங்கள் வீட்டிலும் கொத்தனார் அப்படிக் கட்டப்போகிறார் என்றால் திறப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து வரையுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அளவு ஒரே மாதிரி இருக்காது. இன்னொன்று, ஹிஞ்ச்சின் (கதவுக் கீலின்) ஸ்க்ரூ கடப்பா கல்லில் ஏறாது. திறப்புக்குள் பிளைவுட் ஃபிரேம் வைத்து அதில்தான் மாட்ட வேண்டும். அந்த ஃபிரேமை மாடலில் வரையாவிட்டால் உள்ளே ட்ராயருக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்றே தெரியாது.

கிரானைட்டையும் வெறும் பலகைபோல வரையாதீர்கள். மேடையின் முன் ஓரம் தடிமனாகத் தெரிய அடியில் இன்னொரு பட்டை ஒட்டி மோல்டிங் செய்வார்கள். 20 மில்லிமீட்டர் கல், ஓரத்தில் 40 ஆகத் தொங்கும். ஷட்டரின் மேல்விளிம்பு அந்தப் பட்டைக்குப் பின்னால் ஏறி நின்றால் திறக்கும்போதே கல்லில் இடிக்கும். தொங்கும் பட்டையை வரைந்து, அதற்குக் கீழே 3 மில்லிமீட்டராவது விட்டு ஷட்டரைத் தொடங்குங்கள். கல்லைத் தேர்ந்தெடுக்கக் கிருஷ்ணகிரிப் பக்கம் போகும்போது, நீங்கள் எடுக்கும் அதே ஸ்லாபை நேர் எதிரே நின்று போட்டோ எடுத்து, ஸ்லாபின் உண்மையான நீள அகலம் கொடுத்து, மாடலில் கல்லின் மேல் படியும் படமாக, அதாவது டெக்ஸ்ச்சராகப் போடுங்கள். இணையத்தில் கிடைக்கும் கிரானைட் படத்தைவிட அது எத்தனையோ மேல். மைக்காவுக்கும் இதே கதைதான். ஷீட் 8 அடிக்கு 4 அடி, அதாவது 2440-க்கு 1220. டெக்ஸ்ச்சரை அந்த அளவுக்கு வைத்தால்தான் மர ரேகை வீட்டில் தெரியப்போகிற அளவில் திரையிலும் தெரியும்.

அடுப்பு மேடையின் உயரம் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பல மாடல்களில் 34 இன்ச் என்று இருக்கும். உங்கள் வீட்டில் ராகிக் களி கிளறுவார்களா? நம் ஊரில் பெரும்பாலும் கிளறுவார்கள். 34 இன்ச் மேடை, அதன் மேல் 5 இன்ச் அடுப்பு, அதன் மேல் 9 இன்ச் பானை வைத்தால் பானையின் வாய் தரையிலிருந்து 48 இன்ச்சில் இருக்கும். ஐந்தடி உயரமுள்ள அம்மாவுக்கு அது ஏறக்குறைய தோள் மட்டம். களிக்கு மேலிருந்து அழுத்திக் கிண்ட வேண்டும், தோள் மட்டத்தில் பானை இருந்தால் கைக்கு அழுத்தமே வராது. அடுப்பு வரும் 3 அடி நீளத்தை மட்டும் 28 இன்ச்சுக்கு இறக்கிப் பாருங்கள். மாடலில் அடுப்பு, பானை, சமைக்கிறவர் உயரத்துக்கு ஒரு ஆள் உருவம் மூன்றையும் வைத்து, பக்கவாட்டுத் தோற்றத்தில் வீட்டாரிடம் காட்டுங்கள். எந்த அலங்காரப் படமும் கொடுக்காத தெளிவை அந்த ஒரு படம் கொடுக்கும்.

இறக்கினால் அதையொட்டி வேறு சில மாறும். 14.2 கிலோ சிலிண்டர் சுமார் இரண்டடி உயரம், அதன் மேல் ரெகுலேட்டர் மாட்டிக் கழற்றக் கை போக வேண்டும். 28 இன்ச் மேடைக்கு அடியில் அது நெருக்கடி. சிலிண்டரைப் பக்கத்து 34 இன்ச் பகுதிக்குத் தள்ளி, அந்தப் பெட்டியை மட்டும் அடிப்பலகை இல்லாமல் வரையுங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தங்கும். அதனால் அந்த ஷட்டரின் அடியில் காற்றுத் துளைகளைப் படத்திலேயே குறித்துவிடுங்கள். சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் வேலை ஓட்டத்தில் மறந்துபோகும், இது மறக்கக்கூடிய விஷயம் இல்லை.

எல்லாம் வைத்து முடித்ததும் கோப்பைத் தனியாக நகலெடுத்து, அதில் எல்லா ஷட்டரையும் 90 டிகிரி திறந்து, எல்லா ட்ராயரையும் வெளியே இழுத்து வையுங்கள். 'ட' வடிவ மேடையின் உள்மூலையில் ஒரு பக்க ட்ராயர் மறுபக்கக் கைப்பிடியில் இடிப்பது, ஃபிரிட்ஜ் கதவு சுவரில் முட்டிப் பாதியோடு நிற்பது, தொட்டிக்கு அடியில் உள்ள ட்ராயர் கழிவுநீர்க் குழாயில் இடிப்பது எல்லாம் இந்த ஒரு பார்வையில் பளிச்சென்று தெரிந்துவிடும். ஃபிரிட்ஜ், கிரைண்டர், மிக்ஸிக்கு இணையத்திலிருந்து மாடல் இறக்கிக் கோப்பைக் கனமாக்க வேண்டாம். உங்கள் வீட்டில் உள்ளதை அளந்து அந்த அளவில் வெறும் பெட்டியாக வைத்தால் போதும்.

டேக், அதாவது வகைவாரியாகக் காட்டவும் மறைக்கவும் போடும் அடையாளம், அதில் ஒரே விதி: கோடுகளுக்கும் முகங்களுக்கும் டேக் போடாதீர்கள், காம்பொனென்ட்டுக்கு மட்டும் போடுங்கள். சுவர், கல், பெட்டி, ஷட்டர், மின்சாரம், குழாய் என்று பிரித்தால் ஷட்டரை மறைத்து உள்ளே பார்க்கலாம்.

படுக்கையறை அலமாரிக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. ஹேங்கர் மாட்ட உள்ளே 550 ஆழமாவது வேண்டும். தட்டு 3 அடிக்கு மேல் நீண்டால் நடுவில் ஒரு தடுப்பு கொடுங்கள், 18 மில்லிமீட்டர் பலகை நாளடைவில் தொய்யும். ஒரே ஷட்டரை 8 அடிக்கு மேல் வரையாதீர்கள், ஷீட்டே அவ்வளவுதான். லாஃப்ட்டுக்குத் தனி ஷட்டர்.

அறுப்புப் பட்டியலுக்கு ஓப்பன்கட்லிஸ்ட் என்ற இலவச எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. காம்பொனென்ட்களை எண்ணி, ஷீட்டில் எப்படி அடுக்கி அறுப்பது என்று படமே போட்டுத் தரும். அது கணினியில் நிறுவும் ஸ்கெட்ச்அப்பில்தான் ஓடும், அந்தப் பதிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். பிரவுசர் பதிப்பில் வரைந்தால் ஒவ்வொரு பலகையின் அளவையும் பார்த்து எக்ஸெல்லில் கையால் எழுதுங்கள், ஒரு வீட்டுக்கு அது முடிகிற வேலைதான். எப்படியானாலும் ரம்பம் தின்னும் 3, 4 மில்லிமீட்டரைக் கணக்கில் சேருங்கள். ரேகை உள்ள மைக்கா என்றால் ஷட்டர்கள் எல்லாம் ஒரே திசையில் வரவேண்டும், அதற்கு ஷீட் சற்றுக் கூடுதலாகவே ஆகும்.

ஆசாரிக்கு 3டி படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இருக்காதீர்கள். தூரத்தில் உள்ளதைச் சிறிதாகக் காட்டும் பெர்ஸ்பெக்டிவை அணைத்து, பெட்டிக்கு ஒரு தாள் வீதம் முன்தோற்றம், பக்கத்தோற்றம் எடுத்து, அளவுகளைக் குறித்து, பலகைகளுக்குத் தமிழில் பெயர் போட்டு, அச்சடித்து வேலை நடக்கும் சுவரில் ஒட்டுங்கள்.

உங்கள் வீட்டில் இப்போது அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பூச்சு முடிவதற்குள் மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், சிம்னி, தண்ணீர் சுத்திகரிப்பான் இவற்றின் பிளக் பாயிண்ட் இடங்களைத் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் அளவு போட்டு எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். சிம்னி அடுப்பிலிருந்து இரண்டு, இரண்டரை அடி உயரத்தில் வரும், அடுப்பு மேடையை இறக்கினால் அதுவும் கூடவே இறங்கும். அதன் குழாய்க்குச் சுவரில் 6 இன்ச் ஓட்டை வேண்டும், இப்போதே விட்டுவிடச் சொல்லுங்கள். கபோர்டு அளவெல்லாம் டைல்ஸ் ஒட்டிய பிறகு நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.