முன்பு போலவே கணினி தொடங்க வேண்டுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மகன் படிப்புக்காக மடிக்கணினியில் விண்டோஸுடன் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவினான். இப்போது கணினியை இயக்கியதும் ஒரு பட்டியல் வந்து நிற்கிறது. கவனிக்காமல் விட்டால் பத்து வினாடியில் உபுண்டு திறந்துவிடுகிறது. என் கணக்கு வேலைகள் எல்லாம் விண்டோஸில்தான். உபுண்டுவை நீக்காமல், முன்பு போல நேராக விண்டோஸ் வரச் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். எதையும் அழிக்க வேண்டியதில்லை. நீங்கள் பார்க்கும் பட்டியலுக்கு க்ரப் என்று பெயர். அது வந்துவிட்டதால், விண்டோஸைத் தொடங்கி வைக்கும் நிரலான பூட் மேனேஜர் போய்விட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் இயங்கும் இன்றைய கணினிகளில் இரண்டும் வட்டிலுள்ள ஒரு சிறிய பார்ட்டிஷனில் (வட்டைப் பிரித்த ஒரு பகுதியில்) தனித்தனி ஃபோல்டர்களில் இருக்கின்றன. எதை முதலில் அழைப்பது என்ற வரிசை மட்டும் மதர்போர்டின் நினைவகத்தில் பதிவாகியிருக்கிறது. உபுண்டு தன் பெயரை அந்த வரிசையின் தலையில் எழுதிக்கொண்டது, அவ்வளவுதான்.

மாற்றும் முன் ஒரு வேலை முக்கியம். உங்கள் விண்டோஸில் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே அது சேமிக்கப்பட்டிருக்கும். தொடக்க வரிசை மாறியதும் கணினி அந்த எண்ணைக் கேட்கக்கூடும். கையில் எண் இல்லாவிட்டால் கோப்புகளைத் திறக்க வழியே இல்லை. இதை அலட்சியம் செய்து தவிப்பவர்கள் பலர்.

பிறகு கணினியை அணைத்து, இயக்கியவுடன் செட்டப் திரைக்கான விசையைத் தட்டுங்கள். டெல் கணினிகளில் எஃப்2, எச்பியில் எஃப்10. பூட் என்ற பகுதியில் ‘உபுண்டு’, ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்று இரண்டு வரிகள் தெரியும். இரண்டாவதை மேலே நகர்த்திச் சேமித்து வெளியேறுங்கள். இனி விண்டோஸ் நேராகத் திறக்கும். மகனுக்கு உபுண்டு வேண்டும்போது டெல்லில் எஃப்12, எச்பியில் எஃப்9 தட்டினால், அந்த ஒரு முறைக்கு மட்டும் தேர்வு செய்யும் பட்டியல் வரும். உபுண்டுவில் க்ரப் புதுப்பிக்கப்படும்போது அது சில நேரம் மறுபடியும் முதலிடத்துக்கு வந்துவிடும். அப்போது பதறாமல் இதே மாற்றத்தைத் திரும்பச் செய்யுங்கள்.

கேள்வி: லினக்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்து, விண்டோஸிலிருந்தே அதன் பார்ட்டிஷனை நீக்கிவிட்டேன். மறுமுறை இயக்கியபோது கறுப்புத் திரையில் க்ரப் என்று வந்து நின்றுவிட்டது. விண்டோஸும் போய்விட்டதா?

பதில்: இல்லை, உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கிறது. க்ரப்பின் முதல் துண்டு மட்டும் எஞ்சி, தனக்குத் தேவையான மீதிக் கோப்புகளை நீங்கள் நீக்கிய பார்ட்டிஷனில் தேடிக்கொண்டிருக்கிறது. தொடக்க வரிசையை மாற்றிவிட்டுப் பிறகு பார்ட்டிஷனை நீக்கியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். வெறும் ‘க்ரப்’ என்றிருந்தால் அநேகமாக யூஇஎஃப்ஐ கணினி. ‘எக்ஸிட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி என்டர் கொடுங்கள். பெரும்பாலும் வரிசையில் அடுத்து நிற்கும் விண்டோஸ் திறந்துவிடும். அதன்பின் முதல் பதிலில் சொன்னபடி வரிசையை மாற்றுங்கள்.

‘க்ரப் ரெஸ்க்யூ’ என்றிருந்தால், பெரும்பாலும் யூஇஎஃப்ஐக்கு முந்தைய, பழைய பயாஸ் முறைக் கணினி. அதில் வட்டின் முதல் 512 பைட்டிலேயே தொடக்க நிரல் இருப்பதால், விண்டோஸின் பழைய நிரலை அழித்துத்தான் க்ரப் அங்கே உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் நிறுவல் பென் டிரைவிலிருந்து தொடங்கி, கணினியைப் பழுதுபார்க்கும் தேர்வில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பூட்ரெக் கருவியை ஃபிக்ஸ்எம்பிஆர் என்ற தேர்வுடன் (bootrec /fixmbr) இயக்குங்கள். பார்ட்டிஷன் அட்டவணையை அது தொடாது. முதல் 446 பைட்டில் உள்ள நிரலை மட்டும் மாற்றி எழுதும். இந்தக் கட்டளையை எல்லாக் கணினிக்கும் மருந்தாகச் சொல்பவர்கள் உண்டு. யூஇஎஃப்ஐ கணினியில் அதனால் ஒரு பயனும் இல்லை.

கேள்வி: பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் பயாஸில் ஏதோ ‘லெகசி’ என்று மாற்றினார்கள். அதிலிருந்து தொடங்கக்கூடிய வட்டே இல்லை என்கிறது. வட்டையே மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: வட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். யூஇஎஃப்ஐ முறையில் நிறுவிய விண்டோஸ், லெகசி எனப்படும் பழைய பயாஸ் முறையில் தொடங்காது. செட்டப்பில் மீண்டும் யூஇஎஃப்ஐ என்று வைத்துச் சேமித்துப் பாருங்கள். நம்பகமான நிரல்களை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் முன்பு இயக்கத்தில் இருந்திருந்தால் அதையும் திரும்ப இயக்குங்கள்.

கேள்வி: விண்டோஸ் 11க்கு மாறி ஒரு மாதம் ஆகிறது. பழையபடி 10க்குப் போக வழி உண்டா?

பதில்: கோப்புகளும் செயலிகளும் அப்படியே இருக்க, அமைப்புகள் பகுதியிலிருந்தே திரும்பிப் போக 10 நாட்கள்தான் அவகாசம். அதன்பின் பழைய விண்டோஸின் ஃபோல்டரைக் கணினியே அழித்துவிடும். இனிப் புதிதாக நிறுவுவது ஒன்றே வழி. ஆனால் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. வங்கிப் பரிமாற்றம் செய்யும் கணினி என்றால் போக வேண்டாம் என்பேன்.

கேள்வி: உபுண்டு புதுப்பித்த பிறகு வைஃபை வேலை செய்யவில்லை. முழுவதும் திரும்ப நிறுவ வேண்டுமா?

பதில்: வேண்டாம். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி; புதியது வரும்போது முந்தையதையும் உபுண்டு வைத்திருக்கும். கணினியை இயக்கியதும் தயாரிப்பாளரின் முத்திரை மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையை ஒரே ஒரு முறை தட்டுங்கள். பழைய பயாஸ் கணினியானால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள். எஸ்கேப்பைப் பலமுறை தட்டினால் பட்டியலைத் தாண்டி வெறும் க்ரப் வரி வந்து நிற்கும். அப்படி ஆனால் ‘நார்மல்’ என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள், பட்டியல் வராவிட்டால் என்டர் கொடுத்த உடனே எஸ்கேப்பை ஒரு முறை தட்டிப் பாருங்கள். அதில் மேம்பட்ட தேர்வுகளைத் திறந்து, முதலில் உள்ளதற்கு அடுத்த, பழைய எண்ணுள்ள கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் ‘ரிகவரி மோட்’ என்று எழுதிய வரியைத் தொட வேண்டாம். அதில் வைஃபை வந்துவிட்டால், அடுத்த கெர்னல் வரும் வரை அதிலேயே வேலை செய்யலாம்.