வீடியோ ஆலோசனையை நோயாளியின் மின்னணுப் பதிவோடு இணைப்பது அவசியமா, அதில் எது கடினம்?

எங்கள் ஊர் கிளினிக்கில் வீடியோ ஆலோசனை தொடங்குகிறார்கள், அதை நோயாளிகளின் மின்னணுப் பதிவோடு இணைத்தே ஆக வேண்டுமா, அது பெரிய வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இணைத்தே ஆக வேண்டும். வேலையும் பெரியதுதான். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் நிறுவித் தருவது என் தொழில் என்பதால் இதைத் தினமும் பார்க்கிறேன். வீடியோவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், நல்ல சேவைகள் விலைக்கே கிடைக்கின்றன. சிரமமெல்லாம் அழைப்பு தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும்தான் இருக்கிறது.

பதிவு இல்லாத வீடியோ எப்படிப் போகும் என்று பாருங்கள். சுகர், பிரஷர் இரண்டும் உள்ள ஒரு அம்மா முட்டிவலிக்காக அழைக்கிறார். "என்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?" என்று டாக்டர் கேட்கிறார். அவர் மாத்திரை அட்டையைக் கேமராவுக்கு நேரே பிடிக்கிறார். அலுமினியத் தாள் வெளிச்சத்தில் பளபளக்கிறது, எழுத்து தெரியவில்லை. கடையில் பாதி அட்டையாக வெட்டிக் கொடுத்ததில் மருந்தின் பெயர் மறுபாதியோடு போயிருக்கிறது. "காலையில வெள்ளை ஒண்ணு, ராத்திரி மஞ்சள் பாதி" என்பதுதான் கடைசியில் கிடைக்கும் தகவல். போன மாதம் வேறொரு லேபில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு ஏறியிருந்தது அந்த டாக்டருக்குத் தெரிய வழியே இல்லை. டைக்ளோஃபெனாக் மாதிரி ஒரு வலி மாத்திரையை அவர் எழுதினால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் சிறுநீரகம் இன்னும் கெடும். டாக்டர் கவனமானவர்தான், அவருக்கு முன்னால் அந்த எண் இல்லை, அவ்வளவே. பேசும் திரையிலேயே மருந்துப் பட்டியலும் கடைசி ரத்தப் பரிசோதனையும் தெரிந்தால் இந்த ஆபத்து பெருமளவு குறையும்.

சரி, இணைக்க என்ன வேண்டும்? முதலில் ஆள் யார் என்பது உறுதியாக வேண்டும். நம் ஊரில் இதுதான் பெரும்பாடு. லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுவார்கள். முன்னெழுத்து ஓபி சீட்டில் முன்னால் இருக்கும், லேப் ரிப்போர்ட்டில் பின்னால் போயிருக்கும், ஆதாரில் அப்பா பெயராக விரிந்திருக்கும். சரியான பிறந்த தேதி தெரியாத பெரியவர்களுக்கெல்லாம் ஜனவரி 1. மாமியார், மருமகள், பேரன் எல்லோருக்கும் ஒரே கைபேசி எண். பெயரையும் கைபேசி எண்ணையும் மட்டும் நம்பித் தேடினால் மாமியாரின் சர்க்கரை அளவு மருமகள் கணக்கில் போய் உட்காரும். பதிவே இல்லாததைவிட இது மோசம், ஏனென்றால் டாக்டர் அதை நம்பிவிடுவார்.

இதற்காகத்தான் மத்திய அரசின் மின்னணு மருத்துவப் பதிவுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் ஒவ்வொருவருக்கும் ஆபா (ABHA) என்ற 14 இலக்க அடையாள எண் தருகிறார்கள். 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் இத்திட்டம் தொடங்கியது. அரசின் இ-சஞ்சீவனி வீடியோ ஆலோசனைச் சேவையும் 2022இல் இதோடு இணைந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், நோயாளியின் விவரங்களையெல்லாம் டெல்லியில் ஒரே கிடங்கில் குவிப்பதில்லை. ரிப்போர்ட் அதை எடுத்த இடத்திலேயே இருக்கும். டாக்டர் கேட்டால் நோயாளிக்குக் கோரிக்கை போகும். எதற்காக, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாள் பார்க்கலாம் என்று அதில் இருக்கும். அவர் சரி என்றால் மட்டும் தகவல் வரும், பின்னால் வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம்.

ஆனால் நடைமுறையில் ஒரு சிக்கல். அந்த ஒப்புதல் கோரிக்கை, வீடியோ ஓடிக்கொண்டிருக்கும் அதே கைபேசிக்குத்தான் வரும். அறுபது வயதுக்காரர் வீடியோவை விட்டு வெளியே வந்து, இன்னொரு செயலியைத் திறந்து, ஒப்புதல் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் டாக்டர் அடுத்த டோக்கனுக்குப் போயிருப்பார். அதனால் நேரம் பதிவு செய்யும்போதே ஒப்புதலையும் வாங்கிவிடுங்கள். உங்கள் கிளினிக் மென்பொருளில் இது முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள்.

அப்புறம், அழைப்பு முடிந்ததும் என்ன நடக்கிறது என்பது. பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை, என் வருத்தமும் இதில்தான். டாக்டர் சொன்னது மருந்துச் சீட்டுப் படமாக வாட்ஸ்அப்பில் போகிறது, கதை முடிந்தது. அடுத்து பார்க்கும் டாக்டருக்கு அது எட்டாது. பிடிஎஃப் ஆகப் பதிவில் ஏற்றினால் மனிதர் படிக்கலாம், ஆனால் "இந்த மருந்தும் அந்த மருந்தும் சேரக்கூடாது" என்று எச்சரிக்க மென்பொருளால் முடியாது. மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள் என்பதெல்லாம் தனித்தனிக் கட்டத்தில் பதிய வேண்டும். மருத்துவ மென்பொருள்கள் தகவலைப் பரிமாறிக்கொள்ள ஃபயர் (FHIR) என்ற தரநிலை இருப்பதே இதற்குத்தான், டிஜிட்டல் மிஷனும் அதைத்தான் பின்பற்றுகிறது. பிடிஎஃப் ஏற்றுவதையும் அது அனுமதிக்கிறது, பலரும் அந்தச் சுலப வழியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

விதிகளின்படியும் பதிவு தேவை. 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், நோயாளியின் விவரங்கள், ரிப்போர்ட்டுகள், எழுதிய மருந்து எல்லாவற்றையும் டாக்டர் பாதுகாத்து வைக்க வேண்டும் என்கின்றன. எந்த மருந்தை எழுதலாம் என்பதும், இது முதல் ஆலோசனையா தொடர் ஆலோசனையா என்பதைப் பொறுத்தே இருக்கிறது. அதே டாக்டரை அதே நோய்க்காக ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்திருந்தால்தான் அது தொடர் ஆலோசனை. போன முறை வந்த தேதி பதிவில் இல்லாவிட்டால் அதை எப்படிச் சொல்வது?

உங்கள் கிளினிக் சிறியது என்றால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. ஆபா எண், மருந்துப் பட்டியல், ஒவ்வாமை, கடைசி ரத்தப் பரிசோதனை, இந்த நான்கும் வீடியோவின் பக்கத்தில் தெரிந்தால் போதும். தட்டச்சு வேலையை டாக்டர் தலையில் கட்டாதீர்கள். அழைப்புக்கு முன்பே ஒரு நர்ஸ் போன் செய்து மருந்துகளைக் கேட்டுப் பதிந்து வைத்தால் டாக்டர் சரிபார்த்தால் மட்டும் போதும். நெட்வொர்க் அறுந்து பாதியில் சாதாரண போனுக்கு மாறுவது அடிக்கடி நடக்கும். அப்போதும் அதே பதிவு திறந்தே இருக்க வேண்டும், போனில் சொன்னதும் அதிலேயே ஏற வேண்டும். மென்பொருள் விற்க வருபவரிடம் இதைச் செய்துகாட்டச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.