களத்துத் தூசியில் இருக்கும் பூஞ்சை நஞ்சுக்குத் துண்டு கட்டினால் போதுமா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கம் தை அறுவடையில் நெல் தூற்றியவர்களுக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வருகிறதே, அது பூஞ்சை நஞ்சாலா, முகத்தில் துண்டு கட்டினால் தப்பிக்கலாமா என்பது கேள்வி.

துண்டு பிரயோஜனமில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்து 3 முதல் 5 மைக்ரான்தான். துண்டின் இழைச் சந்து அதைவிடப் பல மடங்கு பெரிது. பதரையும் சுணையையும் தடுக்கும், அவ்வளவே.

வேலை முடிந்து 4 முதல் 8 மணி நேரத்தில் குளிர், உடம்புவலி, வறட்டு இருமல் வந்து ஓரிரு நாளில் தானாகப் போனால், ஒரேயடியாக நிறையத் தூசியை இழுத்ததன் விளைவு. அதற்குக் காரணம் பூஞ்சை வித்தும், தூசியில் இருக்கும் பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நஞ்சும். கேள்வியில் சொன்ன பூஞ்சை நஞ்சு, அதாவது அஃப்ளாடாக்சின், காய்ச்சல் காட்டாது. கல்லீரலில் சத்தமில்லாமல் வேலை செய்யும். பெரும்பாலும் சாப்பாட்டில்தான் உள்ளே போகிறது என்றாலும் தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சிலும் போகும். வெயிலில் காயப்போட்டால் பூஞ்சை அடங்கும், உண்டான நஞ்சு அதோடு போய்விடாது. நெல்லைவிடக் கடலையிலும் சண்டு வத்தலிலும் (நிறம் வெளுத்த மிளகாய்) இந்தப் பயம் அதிகம்.

ஆக, மாஸ்க்கைவிட முக்கியம் நெல் பதமாகக் காய்வது. கடற்கரை ஊர்களில் உப்புச் சாடி கசிகிறது என்றால் காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அந்தக் காற்றில் திறந்து கிடக்கும் நெல், காய்ந்த பிறகும் 14 சதவீத ஈரத்துக்குத் திரும்ப ஏறும். அதே உப்பை வைத்தே சோதிக்கலாம். வாணலியில் வறுத்து ஆறவைத்த உப்பைக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு விரல் உயரம் போட்டு, மூன்றில் ஒரு பங்கு வரை நெல்லை நிரப்பி, மூடிக் குலுக்கி, 15 நிமிஷம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் அப்பினால் ஈரம் 15-க்கு மேல். அப்பாவிட்டாலும் சேர்த்து வைக்க இன்னொரு வெயில் காட்டுவது நல்லது. வறுக்காத உப்பு தானே ஈரமாக இருக்கும், சோதனை பொய் சொல்லும்.

பொழுது சாயும் முன் குவித்துப் படுதா போடுங்கள். ஆனால் பிளாஸ்டிக் படுதாவின் அடியில் விடியற்காலையில் வேர்த்திருக்கும். வெயில் ஏறியதும் எடுக்காவிட்டால் மேல்நெல்தான் முதலில் கறுக்கும். கடலை உரிக்கும்போது பருப்பு உடையாமலிருக்கத் தண்ணீர் தெளிக்கிறார்களே, பூஞ்சைக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது.

தூற்றுபவர் காற்றை முதுகிலோ பக்கவாட்டிலோ வாங்கிக்கொண்டு நிற்பார். முழுத் தூசியையும் வாங்குவது, காற்றுக்குக் கீழ்ப்பக்கம் நின்று பதர் கூட்டும் பெண்கள்தான். மாஸ்க் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது அவர்களுக்கு. மதியத்தில் கடல்காற்று திரும்பினால் எல்லோருமே இடம் மாற வேண்டும். கூட்டுமுன் தரையில் தண்ணீர் தெளிக்கலாம், நெல்லில் படக்கூடாது.

மாஸ்க் என்-95 அல்லது எஃப்எஃப்பி-2. இரண்டு நாடா உள்ளது. மூக்குக் கம்பியை அழுத்தி, மூச்சை ஊதும்போது கண் பக்கம் காற்று வந்தால் சரியாகப் பொருந்தவில்லை. தாடி இருந்தால் பொருந்தவே பொருந்தாது. வேர்வையில் நனைந்ததும் மாற்றுங்கள்.

தூசியில் நின்ற ஒவ்வொரு முறையும் இருமலும் மூச்சுத்திணறலும் திரும்பினால், அல்லது நடந்தாலே மூச்சு இளைத்து, எடையும் குறைந்தால், அது ஒவ்வாமையால் நுரையீரலில் அழற்சி உண்டாகும் நோயாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் காசம் போலவோ நிமோனியா போலவோ தெரியும். டாக்டரிடம் இருமல் என்று மட்டும் சொல்லாமல், எந்தத் தானியத்தில், எத்தனை நாள், வேலை முடிந்து எத்தனை மணி நேரத்தில் என்று சொல்லுங்கள்.